நீச்சல் கிளப்பில் சேர்க்குமுன் பிள்ளையைக் கேட்டீர்களா?

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் மூடியதும் பெங்களூரில் நீச்சல்குளங்கள் நிரம்பி விடுகின்றன. அல்சூர் ஏரியை ஒட்டிய கென்சிங்டன் குளமானாலும் சரி, சதாசிவநகர், பசவனகுடி, ஜெயநகர் குளங்களானாலும் சரி, காலை நேரத்தில் துண்டும் பையுமாகப் பெற்றோர் கூட்டம். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் தாராளமாகக் காதில் விழுகிறது. நீச்சல்குளம் என்றால் பணக்காரர் வீட்டுச் சமாசாரம் என்று ஒதுங்கி நின்ற காலம் போய், ஆலைத் தொழிலாளியும் ஆபீஸ் குமாஸ்தாவும் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். மகிழ்ச்சிதான்.

மூன்று வாரமோ ஒரு மாதமோ பயிற்சி நடக்கிறது. கடைசி நாளில் பயிற்சியாளர் தகப்பனாரைத் தனியே அழைக்கிறார். "பையனுக்கு நல்ல கை வீச்சு இருக்கிறது. விட்டுவிடாதீர்கள். போட்டிப் பிரிவில் சேர்த்து விடுங்கள்" என்கிறார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒரு தகப்பனாருக்குத் தலைகால் புரிவதில்லை. மகன் கழுத்தில் பதக்கம் தொங்குவது அப்போதே கண்ணில் தெரிகிறது. போனஸ் பணத்தை எடுத்து மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார். இன்னொருவர், "நமக்கெதற்கு சார் இதெல்லாம்? நீந்தத் தெரிந்துவிட்டது, போதும்" என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார். இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எந்தக் குளம் பெரிது, எந்தக் கிளப்புக்கு அதிகப் பதக்கம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். இந்தப் பிள்ளைக்கு நீச்சலின் மேல் உள்ள ஆசை எவ்வளவு, அந்த ஆசைக்காக அது எதையெல்லாம் விட்டுக்கொடுக்கத் தயார் என்பதுதான் முதல் கேள்வி. இந்த அளவு தெரியாமல் கிளப்பைத் தேர்ந்தெடுப்பது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

எல்லோருக்கும் வேண்டியது எது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீந்தக் கற்பது வேறு, நீச்சல் வீரராவது வேறு. நீந்தக் கற்பதற்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்று பிள்ளையைக் கேட்க வேண்டியதில்லை. சாலையைக் கடக்கச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதைப்போல இதுவும் கட்டாயம்.

2021-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 30 வயதுக்குட்பட்டவர்கள். இதில் நமக்கு ஒரு தனிக் கவலை உண்டு. நம்மில் பலருக்குச் சொந்த ஊர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம். விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறோம். கிராமத்துப் பையன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகியவன். எந்தப் படியில் பாசி, எந்த மூலையில் சேறு என்பது அவனுக்குத் தெரியும். ஸ்ரீராமபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் வளர்ந்த நம் பிள்ளைக்கு என்ன தெரியும்? மாமன் மகன் குதித்தான் என்று இவனும் குதிப்பான். மழை பெய்து ஏரி நிரம்பிய ஆண்டுகளில் இந்தப் பயம் இன்னும் அதிகம்.

ஆகவே நீரில் மிதக்கவும், களைத்தால் மல்லாந்து படுத்து மூச்சு வாங்கவும், நிற்காமல் ஐம்பது மீட்டர் நீந்திக் கரை சேரவும் ஒவ்வொரு பிள்ளையும் கற்றாக வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது. இதற்குப் பெரிய கிளப் தேவையில்லை. பக்கத்து மாநகராட்சிக் குளம் போதும். கரையில் உயிர்காப்பாளர் நிற்கிறாரா, ஆழமில்லாத பகுதி தனியாகப் பிரித்திருக்கிறதா, தண்ணீர் அடித்தரை தெரியுமளவு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தால் ஆயிற்று. சிட்னியில் 2000-ம் ஆண்டு ஒலிம்பிக்கில் நீந்திய நிஷா மில்லட் சிறு வயதில் நீரில் மூழ்கிப் பிழைத்தவர். அந்தப் பயத்தைப் போக்கத்தான் தந்தை அவருக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தார். சென்னை ஷெனாய் நகரில், 1991-ல். ஒலிம்பிக் எண்ணம் அப்போது யாருக்கு இருந்திருக்கும்?

விடியற்காலைக் கணக்கு

போட்டிப் பிரிவு என்று பயிற்சியாளர் சொல்கிறாரே, அதன் பொருள் என்ன என்பதை நம்மில் பலர் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

தொடக்கத்தில் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி என்று இருக்கும். ஓரிரு ஆண்டில் அது ஐந்து நாளாகும், ஆறு நாளாகும். மாநில அளவில் பதக்கம் வேண்டும் என்கிற நிலை வரும்போது சில நாட்கள் காலையிலும் மாலையிலும் இரண்டு வேளைப் பயிற்சி. கோடை விடுமுறை என்பதே கிடையாது, ஏனென்றால் அதுதான் கடும் பயிற்சிக்கு ஏற்ற காலம். தீபாவளிக்கு ஊருக்குப் போகவும் பயிற்சியாளரின் அனுமதி வேண்டியிருக்கும். இதில் பயிற்சியாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த விளையாட்டின் தன்மை அப்படி. நூறு மீட்டரில் அரை வினாடி குறைப்பதற்கு ஓராண்டு உழைக்க வேண்டியிருக்கிறது.

காலை ஐந்தரை மணிக்குக் குளத்தில் இருக்க வேண்டுமானால் நாலரைக்கு எழ வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பதின்மூன்று வயதுக்கு மேல் எட்டு மணி நேரமாவது வேண்டும். அப்படியானால் பத்து வயதுப் பையன் இரவு ஏழரைக்கெல்லாம் தூங்கியாக வேண்டும்.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு ஹால், ஒரு சமையலறை. அதே ஹாலில்தான் தொலைக்காட்சி, அதே ஹாலில்தான் அக்காவின் படிப்பு. தகப்பனாருக்கு இரண்டாம் ஷிப்டு என்றால் அவர் வீடு திரும்பிச் சாப்பிட்டு முடிக்க இரவு பதினொன்று. ஏழரை மணிக்கு அந்தப் பையன் எங்கே தூங்குவான்? முதல் ஷிப்டு என்றால் விடியற்காலையில் அவனைக் குளத்துக்கு யார் அழைத்துப் போவது? பஸ் கிடைக்காத நேரத்தில் ஆட்டோ வைத்தால் மாதத்துக்கு எவ்வளவு? கிளப் கட்டணத்தை விட ஆட்டோக் கூலி அதிகமாகிவிடும் வீடுகள் உண்டு.

இப்படிச் சொல்வதால் ஏழை வீட்டுப் பிள்ளை நீச்சல் பக்கமே போகக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, பையனுக்காக எட்டு மணிக்கு விளக்கை அணைப்பது என்று முடிவு செய்தால் அது நடக்கும். அப்படி நடத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அது ஒரு வீட்டின் முடிவாக இருக்க வேண்டும். குளத்தங்கரையில் நின்றபடி தகப்பனார் ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. தினமும் நாலு மணிக்கு எழுந்து பால் காய்ச்சப் போகிறவர் தாயார். அவரை யார் கேட்டது?

ஆசை யாருடையது?

"சிறு பிள்ளைக்கு என்ன தெரியும்? நாம்தான் தள்ளிவிட வேண்டும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓரளவு சரி. குளிர்ந்த நீரில் இறங்க முதல் வாரம் எந்தப் பிள்ளையும் அழும். அப்போது தள்ளித்தான் விட வேண்டும். வாரம் மூன்று நாளுக்குத் தள்ளலாம். வாரம் ஆறு நாளுக்கு, ஆண்டுக்கணக்கில் தள்ள முடியாது. அந்தத் தூரத்துக்குப் பிள்ளையின் சொந்த ஆசைதான் வண்டியை இழுக்க வேண்டும்.

அந்த ஆசை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இரவே தன் பையில் துண்டையும் கண்ணாடியையும் தானே எடுத்து வைக்கிறதா? ஒரு நாள் குளம் மூடியிருந்தால் முகம் வாடுகிறதா, மலர்கிறதா? "இன்றைக்கு இரண்டு வினாடி குறைத்தேன்" என்று கேட்காமலே வந்து சொல்கிறதா? அல்லது திங்கட்கிழமைதோறும் வயிற்று வலி வருகிறதா? சில பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், கூட வரும் சிநேகிதர்கள் பிடிக்கும், போட்டி மட்டும் பிடிக்காது. அதில் குற்றம் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வாரம் இரண்டு மூன்று நாள் நீந்தி விளையாடும் இடம்தான் சரியான இடம்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையை டிசம்பர், ஜனவரி மாதங்களில் நடத்தாதீர்கள். போட்டி நடக்கும் குளத்து நீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பெங்களூரின் மார்கழிக் காலையில் நமது திறந்தவெளிக் குளங்கள் அந்த விதியையெல்லாம் அறியா. ஆசையுள்ள பிள்ளையும் அப்போது போர்வையை விட்டு வெளியே வராது. மார்ச் மாதம் வரை பொறுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. "எட்டு வயதில் போட்டிப் பிரிவில் சேராவிட்டால் அப்புறம் ஒன்றும் நடக்காது" என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ரௌடி கெய்ன்ஸ் பதினேழாம் வயதில்தான் நீச்சல் போட்டிக்கு வந்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கம் வாங்கினார். எல்லோராலும் அப்படி முடியும் என்பதல்ல. எட்டு வயதில் ஓராண்டு விளையாட்டாக நீந்திவிட்டதால் கதவு ஒன்றும் அடைபட்டு விடாது.

ஒலிம்பிக் பெயர்களும் நம் வீட்டுக் கணக்கும்

பெங்களூர் இந்திய நீச்சலின் தலைநகர் என்றே சொல்லலாம். ஸ்ரீஹரி நட்ராஜ் இந்த ஊர்க்காரர். 2021-ல் ரோம் நகரில் நூறு மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.77 வினாடியில் நீந்தி டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்றார். தினிதி தேசிங்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியிலேயே வயதில் சிறியவர், பதினான்கு வயது. இருவரும் இந்நகரின் டால்ஃபின் அக்வாடிக்ஸில் பயின்றவர்கள். இந்தப் பெயர்கள் குளத்தங்கரைப் பேச்சில் அடிக்கடி வருகின்றன. வரட்டும். பெருமைப்பட வேண்டியவர்கள்தான்.

ஆனால் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய கதை சாஜன் பிரகாஷின் கதை. கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் பிறந்தவர். வளர்ந்தது நமது நெய்வேலியில். தாயார் தடகள வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த நிறுவனக் குடியிருப்பிலிருந்த குளத்தில்தான் பையன் நீந்தக் கற்றார். பெங்களூருக்கு வந்து பசவனகுடி அக்வாடிக் சென்டரில் பயிற்சி பெற்றது பிறகு, பெரிய போட்டிகளுக்கான தகுதியும் உறுதியும் வந்த பிறகு. அதே 2021 ஜூன் மாதம், அதே ரோம் நகரில், 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்து, ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் ஆனார்.

தொழிலாளர் குடியிருப்புக் குளத்தில் ஆரம்பித்தவர், ஆசை வளர வளர அடுத்த படிக்கு ஏறினார். முதல் நாளே பெரிய கிளப்பில் சேர்க்கவில்லையே என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை. வீட்டில் விளையாட்டின் கஷ்டநஷ்டம் தெரிந்த ஒரு தாயார் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த அனுபவம் இல்லை. ஆகவே நாம் அதிகமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குற்றாலீஸ்வரனை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1994-ல் பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தவர். அர்ஜுனா விருது பெற்றவர். சில ஆண்டுகளிலேயே போட்டி நீச்சலை விட்டுப் படிப்பின் பக்கம் திரும்பினார். அத்தனை பெரிய சாதனையாளருக்கும் ஒரு கட்டத்தில் படிப்பா நீச்சலா என்ற கேள்வி வந்தது என்றால், நம் பிள்ளைக்கு வராமல் இருக்குமா? எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் அது கட்டாயம் வரும். அப்போது ஆறு மாதம் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள இந்தக் கிளப் அனுமதிக்குமா, அல்லது பெயரையே அடித்துவிடுமா என்பதைச் சேரும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பிள்ளையைச் சேர்ப்பவர்களும் உண்டு. குமாஸ்தா வீட்டில் இந்த எண்ணம் வருவது இயல்பு. வேலை உண்டு என்பது பொய்யல்ல. ஆனால் அது மாநிலத்தின் சார்பில் நீந்தியவர்களுக்கு, தேசியப் போட்டியில் இடம் பிடித்தவர்களுக்கு. கிளப் நடத்தும் போட்டியில் வாங்கிய கோப்பைக்கு அந்த மதிப்பு கிடையாது. இங்கே வசிக்கும் நம் பிள்ளை கர்நாடகக் கிளப்பின் வழியாகக் கர்நாடகத்துக்காகத்தான் நீந்தும், சான்றிதழும் அப்படியே இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். பின்னால் தமிழ்நாட்டுக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்க நினைப்பவர்கள் அதன் விதிகளை இப்போதே விசாரிப்பது நல்லது. பிறந்த தேதியில் ஒரு வயதைக் குறைத்து எழுதிச் சிறுவர் பிரிவில் ஜெயிக்க வைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அந்தப் புத்தி நமக்கு வேண்டாம். ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் ஒருநாள் எதிரெதிரே உட்காரும்.

நடுப்படி இருக்கிறதா?

கிளப்பைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது பதக்கப் பட்டியலை அல்ல. கற்றுக்கொள்ளும் பிரிவுக்கும் போட்டிப் பிரிவுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு வகை நீச்சலும் ஒழுங்காகத் தெரிந்துகொண்டு, வாரம் மூன்று நாள் வந்து, எப்போதாவது ஒரு சிறு போட்டியில் கலந்துகொள்ளும் பிரிவு. பெரும்பாலான பிள்ளைகளின் ஆசை இந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் இந்தப் படியே இல்லை. மேலே ஏறு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்கிறார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறவும், வேண்டுமானால் வெட்கப்படாமல் இறங்கவும் இடம் கொடுக்கும் கிளப், சுவரெல்லாம் கோப்பை அடுக்கிய கிளப்பைவிட நம் பிள்ளைக்கு நல்லது.

அடுத்து, ஒரு மாதம் பரீட்சார்த்தமாகச் சேர்க்க ஒப்புக்கொள்கிறார்களா என்று பாருங்கள். ஆண்டுப் பணம் முழுவதையும் முன்பணமாகக் கேட்டால் யோசியுங்கள். கட்டிய பணத்துக்காகவே பிள்ளையை விரட்ட ஆரம்பித்துவிடுவோம். பணம் போனால் போகிறது என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை.

பயிற்சி நடக்கும்போது இரண்டு நாள் சொல்லாமல் போய்க் கரையில் உட்காருங்கள். ஒரு பயிற்சியாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? வேகமாக நீந்தும் நாலு பேரை மட்டும் கவனித்துவிட்டு மற்றவர்களைச் சும்மா நீளநீளமாக நீந்த விட்டுவிடுகிறாரா? பின்தங்கிய பிள்ளையிடம் என்ன வார்த்தை பேசுகிறார்? கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. "பெற்றோர் உள்ளே வரவே கூடாது" என்று சொல்லும் இடம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் எனக்கு அது பிடிக்காது. கரையில் நின்று கத்தும் பெற்றோரைத் தள்ளி உட்காரச் சொல்வது நியாயம். கண்ணிலேயே படக் கூடாது என்பது நியாயமில்லை. இன்றைய காலத்தில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செலவை ஒரு தாளில் எழுதுங்கள். மாதக் கட்டணம் மட்டும் செலவல்ல. நீச்சல் உடை, கண்ணாடி, தொப்பி. ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம். வெளியூர்ப் போட்டி என்றால் ரயில் கட்டணமும் தங்கும் செலவும், கூடப் போகும் தகப்பனாருக்குச் சம்பளமில்லாத விடுப்பும். நீந்திவிட்டு வரும் பிள்ளைக்கு யானைப் பசி. பாலும் முட்டையும் வாழைப்பழமும் கூடத் தேவைப்படும். இதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதன் பங்கு என்ன ஆகிறது என்றும் பாருங்கள். அண்ணனுக்காகத் தங்கையின் டியூஷன் நிற்கிறது என்றால் அந்தக் கணக்கு தவறு.

கடன் வாங்கிப் போட்டிப் பிரிவில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடன் வாங்கியவன் வீட்டில் தோல்விக்கு இடம் கிடையாது. விளையாட்டில் தோல்விதான் அதிகம்.

பெண் பிள்ளைகளின் விஷயம்

பத்து வயது வரை நன்றாக நீந்திய பெண் பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். பையன் விஷயத்தில் ஆசை இல்லாமல் தள்ளுகிறோம், பெண் விஷயத்தில் ஆசை இருந்தும் இழுத்து நிறுத்துகிறோம்.

உடைதான் தயக்கம் என்றால், முழங்கால் வரை மறைக்கும் நீச்சல் உடை போட்டி விதிகளிலேயே பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டதுதான். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, உடை மாற்றும் அறைக்குச் சரியான தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதத்தில் சில நாள் வர முடியாவிட்டால் காரணம் கேட்டுத் துளைக்காமல் புரிந்துகொள்கிறார்களா என்று தாயார் நேரில் போய்ப் பார்க்கட்டும். இவையெல்லாம் சரியாக உள்ள கிளப், தூரத்தில் இருந்தாலும் பக்கத்துக் கிளப்பைவிட மேல். பாரிஸ் வரை போன தினிதிக்கு அப்போது வயது பதினான்குதான் என்பதை முன்பே சொன்னேன். நாம் நம் பெண்களை நிறுத்தும் வயதைத் தாண்டி இரண்டே ஆண்டு.

மாநகராட்சி செய்ய வேண்டியது

பொறுப்பு முழுவதையும் பெற்றோர் தலையில் கட்டிவிட முடியாது. நகரில் பல குளங்கள் மாநகராட்சிக்குச் சொந்தமானவை, மக்களின் வரிப்பணத்தில் கட்டியவை. அவற்றில் சில தனியார் பொறுப்பில் நடக்கின்றன. நடக்கட்டும். ஆனால் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கட்டக்கூடிய கட்டணத்தில், பள்ளி விட்டபின் மாலை ஐந்து மணிக்கு, வாரம் மூன்று நாள் நடக்கும் ஒரு நடுத்தரப் பிரிவு ஒவ்வொரு குளத்திலும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். விடியற்காலையில் வர முடியாத வீடுகள்தான் இந்த ஊரில் அதிகம். பிள்ளைக்கு ஆசை இருந்தும் தகப்பனாரின் ஷிப்டு இடம் கொடுக்கவில்லை என்பதால் ஒரு நல்ல நீச்சல் வீரரை நகரம் இழக்கக் கூடாது.

நம் தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் நடத்துவதோடு, வட்டாரக் குளத்தின் அதிகாரியைப் பார்த்து இந்த மனுவையும் கொடுக்கலாம். கையெழுத்துப் போடப் பெற்றோர் பத்துப் பேர் கிடைக்காமல் போக மாட்டார்கள். அதே பத்துப் பேர் முறை வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒருவர் நாளைக்கு ஒருவர் என்று தெருப் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப் போனால் ஆட்டோச் செலவும் பத்தில் ஒரு பங்காகும்.

கோடைப் பிரிவுக்குப் பெயர் கொடுக்க ஏப்ரல் வந்ததும் வரிசை நீளும். அதற்கு முன்பே, கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று குளங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். பயிற்சியாளரிடம் கேள்விகளை நீங்கள் கேளுங்கள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்ததும், பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் பரவாயில்லை, இரண்டு நாள் விடுங்கள்.